ஞாயிறு இரவு 11:59: ஆன்லைன் ஆசிரியர் மீது விழும் இரண்டு கணக்குகள்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஒரு பெண், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறார். அசைன்மென்ட்டை 11:59க்குள் ஏற்றியாக வேண்டும். கேள்வியில் ஒரு வரி புரியவில்லை. ஆசிரியருக்கு மின்னஞ்சல் போடுகிறார். பதில் வருவது திங்கள் மாலை ஆறு மணிக்கு. கல்லூரி விதிப்படி ஆசிரியருக்கு 24 மணி நேரம் உண்டு; அவர் 21 மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கோ பதிலால் ஒரு பைசா பயனில்லை. கெடு முடிந்து 18 மணி நேரம் ஆகிவிட்டது. பருவ முடிவில் கருத்துப் படிவம் வரும்போது 'ஆசிரியர் நேரத்துக்குப் பதில் தருவதில்லை' என்று எழுதுவார். கல்லூரியின் கணக்கு ஒன்று, மாணவரின் கணக்கு வேறொன்று.

இது நான் வரைந்த காட்சிதான். ஆனால் அமெரிக்க ஆன்லைன் கல்லூரிகள் நடக்கிற விதத்தைப் பார்த்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே பல ஆன்லைன் பட்டப்படிப்புகள் எட்டு வாரப் பருவங்களாக ஓடுகின்றன. வாரம் திங்களன்று தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். குறித்த நேரத்தில் எல்லோரும் திரை முன்னால் உட்காருகிற வகுப்பு பெரும்பாலும் கிடையாது. பாடம் தளத்தில் இருக்கும். மாணவர் தனக்கு முடிந்தபோது வருவார், ஆசிரியர் தனக்கு முடிந்தபோது வருவார். இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருப்பது தற்செயல். வேலை பார்க்கிறவருக்கு முடிகிற நேரம் ஞாயிறு இரவு. ஆசிரியருக்கும் அன்றைக்கு விடுமுறைதான்.

சரி, கல்லூரி இந்த ஆசிரியரிடம் என்னதான் கேட்கிறது? கல்லூரிக்குக் கல்லூரி எண்கள் மாறும், பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். பாடம் தொடங்குமுன் வரவேற்புச் செய்தி. வாரா வாரம் ஓர் அறிவிப்பு. விவாதப் பலகையில் வாரத்தில் பல நாட்கள் தலைகாட்ட வேண்டும். மின்னஞ்சலுக்கு 24 அல்லது 48 மணி நேரத்தில் பதில். அசைன்மென்ட்டுகளைச் சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், திருத்தித் தர வேண்டும். மதிப்பெண்ணோடு காரணமும் எழுத வேண்டும். ஒரு வாரமாகக் காணாமல் போன மாணவரை ஆசிரியரே தேடி எழுத வேண்டும்.

படிக்கும்போது எல்லாம் நல்ல பழக்கங்களாகவே தெரிகின்றன. யாரோ கல்வியாளர்கள் கூடி யோசித்து வகுத்தவை என்று நினைக்கத் தோன்றும். இதன் வேரைத் தேடிப்போனால் கல்விக் கொள்கையை விடப் பணக் கணக்குதான் அதிகம் தட்டுப்படுகிறது.

1980களின் அமெரிக்காவில் தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் அஞ்சல் வழிப் பள்ளிகளும் மத்திய அரசின் மாணவர் கடனை வாங்கி விழுங்கிய கதைகள் நிறைய. ஆளைச் சேர்ப்பார்கள், கடனுக்குக் கையெழுத்து வாங்குவார்கள், புத்தகக் கட்டை அனுப்புவார்கள், அத்தோடு சரி. நாடாளுமன்றம் 1992இல் ஒரு கதவைச் சாத்தியது. பாதிக்கு மேல் பாடங்களை அஞ்சல் வழியில் நடத்தினாலோ, பாதிக்கு மேல் மாணவர்கள் அஞ்சல் வழியில் படித்தாலோ, அந்த நிறுவனத்தின் மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் கிடையாது. அப்புறம் இணையம் வந்தது. 2006இல் ஆன்லைன் கல்விக்கு மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். அஞ்சல் வழிக்கு அது சாத்தியபடியே இருந்தது.

அப்படியானால் ஆன்லைன் எது, அஞ்சல் எது? கம்பியில் அனுப்பினாலும் கட்டாக அனுப்பினாலும் மாணவர் தனியே உட்கார்ந்து படிக்கிறார் என்றால் இரண்டும் ஒன்றுதானே? சட்டம் வைத்த அளவுகோல் ஆசிரியர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்காகவும் பாடத்தைத் தொட்டும் பேச்சு நடந்தால் அது ஆன்லைன் கல்வி. அந்தப் பேச்சு அரிதாக இருந்தால், அதிலும் பெரும்பாலும் மாணவரே தொடங்கிவைப்பதாக இருந்தால், அது கணினியில் நடந்தாலும் அஞ்சல் வழிதான். ஒழுங்கான, பாடம் சார்ந்த அந்தப் பேச்சைக் கல்லூரி வட்டாரத்தில் 'ஆர்எஸ்ஐ' (regular and substantive interaction) என்று சுருக்கிச் சொல்வார்கள்.

நம்மூரில் 'கரஸ்ல படிச்சேன்' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குமே, அதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சட்டப் பிரிவின் மனநிலை எளிதாகப் புரியும். பாடப் புத்தகம் தபாலில் வரும், சில சனி ஞாயிறுகளில் காண்டாக்ட் கிளாஸ் இருக்கும், பிறகு பரீட்சை. கேள்வி கேட்க வேண்டுமென்றால் நாம்தான் ஆளைத் தேடிப் போக வேண்டும். அமெரிக்கச் சட்டம் கோடு கிழித்ததும் அங்கேதான்: யார் யாரைத் தேடிப் போகிறார்கள்?

'மாணவரே தொடங்கிவைப்பது' என்ற அந்தச் சிறு சொற்றொடர் செய்த வேலை பெரிது. மாணவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொல்லும் ஆசிரியர் சட்டத்தின் கண்ணில் பாதி ஆசிரியர்தான். அவராக வலிய வந்து ஏதாவது சொல்ல வேண்டும், சொன்னதற்குத் தடயம் இருக்க வேண்டும். திங்கள் காலை வருகிற 'மூன்றாம் வாரத்துக்கு நல்வரவு' என்ற அறிவிப்பு எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்த விதி கடிக்கும் என்பதைக் கல்லூரிகளுக்குக் காட்டியது வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழக விவகாரம். 1997இல் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய லாபநோக்கற்ற ஆன்லைன் நிறுவனம் அது. அங்கே ஆசிரியர் என்ற ஒரே ஆளின் வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மாணவரோடு தொடர்ந்து பேசி 'எப்படிப் போகிறது?' என்று விசாரிப்பவர் ஒருவர். பாடத்தில் சந்தேகம் வந்தால் உதவ இன்னொருவர். தாளைத் திருத்துபவர் மூன்றாமவர். கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு 2017 செப்டம்பரில் அறிக்கை தந்தது. பார்த்த 102 பாடங்களில் குறைந்தது 69, ஒழுங்கான, பாடம் சார்ந்த பேச்சுக்கு இடம் தரும்படி அமைக்கப்படவில்லை என்றது. மாணவரிடம் அடிக்கடி பேசுகிற அந்த வழிகாட்டிகள் பாட வல்லுநர்கள் இல்லையாம். அதனால் அவர்கள் பேச்சு கணக்கில் வராது. பல்கலைக்கழகம் அரசுக்கு 71 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019 ஜனவரியில் கல்வித் துறை அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது. ஒரு டாலரும் கைமாறவில்லை. ஆனால் 71 கோடி என்ற எண்ணைப் படித்த மற்ற கல்லூரி நிர்வாகிகளுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

2021 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய விதி, இந்தப் பேச்சு எது என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. நேரடியாகப் பாடம் நடத்துவது, மாணவர் செய்த வேலையை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்வது, பாடம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருவது, குழு விவாதத்தை நடத்துவது, தர அங்கீகார அமைப்பு ஏற்கும் வேறு கற்பித்தல் பணி: இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிகிற கால அட்டவணையில் நடக்க வேண்டும். மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனித்து, தடுமாறினால் ஆசிரியரே முன்வந்து கைகொடுக்க வேண்டும். எனக்கு இது நியாயமான விதியாகவே படுகிறது. கோளாறு தொடங்குவது இதைக் கல்லூரிகள் எண்ணக்கூடிய சடங்காக மாற்றும் இடத்தில்.

கான்வாஸ், மூடுல் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களுக்கு எண்ணத் தெரியும். ஆசிரியர் எத்தனை முறை உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை பதிவு போட்டார் எல்லாம் பதிவேட்டில் ஏறும். 40 கட்டுரைகளைத் தரவிறக்கி, சமையலறை மேசையில் நிதானமாகப் படித்துத் திருத்தியவரின் மூன்று மணி நேரம் அதில் ஏறாது. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் காப்பி போடப் போனவரின் நிமிடங்கள் ஏறக்கூடும். அனுபவப்பட்டவர்கள் இதற்கேற்ப நடந்துகொள்ளக் கற்றுவிடுவார்கள். தனி மின்னஞ்சலில் வந்த கேள்வியைப் பெயரை நீக்கிவிட்டுப் பொதுக் கேள்விப் பலகையில் போட்டு, அங்கே பதில் எழுதுவார்கள். மற்ற மாணவருக்கும் பயன்படும், தடயமும் ஆச்சு.

விவாதப் பலகையின் கதை இன்னும் பரிதாபம். புதன்கிழமைக்குள் ஒரு பதிவு, ஞாயிறுக்குள் சக மாணவர் இருவருக்கு மறுமொழி என்பது பரவலாக உள்ள ஏற்பாடு. விளைவு எல்லோருக்கும் தெரியும்: 'நீங்கள் சொன்ன கருத்து மிகவும் அருமை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.' இந்த வரியை மாணவர் மதிப்பெண்ணுக்காக எழுதுகிறார். ஆசிரியர் அதற்கு ஒரு மறுமொழியைத் தன் பதிவேட்டுக்காக எழுதுகிறார். இருவரும் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே விதி நிறைவேறிவிடுகிறது.

இன்னொரு விஷயம், வெளியே அவ்வளவாகத் தெரியாதது. பெரிய ஆன்லைன் கல்லூரிகள் பலவற்றில் பாடத்தை வடிவமைப்பவர் வேறு, நடத்துபவர் வேறு. பாடத்தின் மூலப் பிரதி ஒன்று இருக்கும். பருவம் தொடங்கும்போது அதன் நகலை நடத்துபவர் கையில் தருவார்கள். வாசிப்புப் பட்டியல், அசைன்மென்ட் கேள்வி, கெடு தேதி எல்லாம் ஏற்கெனவே பூட்டியிருக்கும். நடத்துபவர் பல நேரங்களில் பகுதிநேர ஆசிரியர். நம்மூர்க் கௌரவ விரிவுரையாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று ஊதியம். எத்தனை மணி நேரம் உழைத்தாலும் தொகை அதேதான். அசைன்மென்ட் கேள்வியில் ஒரு வரி குழப்பமாக இருந்தால் அதை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லாமல் போகலாம். செத்துப்போன இணைப்பைக்கூட மேலே எழுதிப்போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். மாணவருக்கு இதெல்லாம் தெரியாது. பாடப் பக்கத்தில் ஒரே ஒரு பெயரும் புகைப்படமும்தான் இருக்கின்றன. திட்டு முழுக்க அங்கே போகும்.

மாணவர் பக்கம் வருவோம். அவர்கள் கேட்பது என்ன என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. கேத்லீன் ஷெரிடனும் மெலிசா கெல்லியும் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஆன்லைன் ஆசிரியர் 'இருக்கிறார்' என்று மாணவரை உணரவைப்பது எது என்று மாணவரிடமே கேட்டார்கள். பாடத்தின் தேவைகளைத் தெளிவாகச் சொல்வதும், மாணவர் தேவைக்கு உடனுக்குடன் பதில் தருவதும் மேலே வந்தன. ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பது, குரலைக் கேட்பது, நேரலையில் பேசுவது எல்லாம் மாணவருக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வீடியோவில் சிரித்தபடி வணக்கம் சொல்லச் சொல்கிற பயிலரங்குகளை நினைத்துக்கொண்டேன்.

இதை இன்னொரு கருத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த கோட்பாடு ஆன்லைன் கல்விப் பேச்சில் இன்றும் அடிபடுகிறது. அதில் ஆசிரியரின் இருப்பு என்பதற்கு மூன்று கூறுகள்: பாடத்தை வடிவமைத்து ஒழுங்குபடுத்துவது, உரையாடலை நடத்திச் செல்வது, நேரடியாகக் கற்பிப்பது. மூலப் பிரதியின் நகலை வாங்கி நடத்துபவரிடம் முதல் கூறு இல்லை. மாணவர் பெரிதும் வேண்டுகிற தெளிவு இருப்பதோ அந்த முதல் கூறில்தான். அந்த ஞாயிறு இரவு மாணவியின் குழப்பமும் அங்கேதான் பிறந்தது. கேள்வியை எழுதியவர் யாரோ, பதில் சொல்ல வேண்டியவர் யாரோ. ஆகக்கூடி, மாணவர் அதிகம் கேட்பது ஆசிரியர் கையில் இல்லை. கல்லூரி அதிகம் கேட்பதை மாணவர் கண்டுகொள்வதே இல்லை. நடுவில் நிற்கிறவர் இரண்டு பக்கமும் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் வந்த 1840இலேயே ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சலில் சொல்லிக்கொடுத்தார். மாணவர் பைபிள் வாசகங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, திருத்தித் திருப்பி அனுப்புவது வழக்கம். ஆசிரியரின் வேலை முழுக்க அந்தத் திருத்தத்தில் இருந்தது. அதே நாட்டில் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்த மரபில் வந்ததுதான். அங்கே ஆசிரியர் திருத்தும் அசைன்மென்ட் என்பது மதிப்பெண்ணுக்கான ஏற்பாடு மட்டுமில்லை, கற்பித்தலே அதன் வழியாக நடக்கிறது. ஓரத்தில் எழுதும் குறிப்பு, தனித்தாளில் எழுதும் பொதுக் கருத்து, அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்ற யோசனை எல்லாம் சேர்த்து. இன்னொன்றும் செய்கிறார்கள். ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை அனுபவமுள்ள வேறொருவர் எடுத்துப் படித்துப் பார்த்து, குறிப்புகள் மாணவருக்கு உதவுமா என்று ஆசிரியருக்கே எழுதுவார். நிறுவனம் எதைச் சோதிக்கிறதோ அதுவே மாணவருக்கு வேண்டியதாகவும் இருக்கிறது. 2022இல் அந்த ஆசிரியர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரின் தற்காலிக ஒப்பந்தங்கள் நிரந்தரமாயின. அதற்கே பல ஆண்டுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாணவர் பதிலைத்தான் கேட்கிறார், ஆளை அல்ல என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு ஒரு சோதனையே நடந்தது. ஜார்ஜியா டெக் 2014இல் கணினி அறிவியலில் மலிவான ஆன்லைன் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. மொத்தச் செலவு 7,000 டாலர் அளவில். அதில் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு பாடத்தை அசோக் கோயல் நடத்தினார். ஏறக்குறைய 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் சுமார் 10,000 செய்திகள் போட்டார்கள். உதவி ஆசிரியர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோயலின் குழு ஐபிஎம் வாட்சன் தொழில்நுட்பத்தை வைத்து ஒரு மென்பொருள் உதவியாளரை உருவாக்கி, 'ஜில் வாட்சன்' என்று பெயரிட்டு 2016 ஜனவரியில் மற்ற உதவி ஆசிரியர்களோடு கலந்துவிட்டது. கெடு என்றைக்கு, கோப்பை எந்த வடிவத்தில் தர வேண்டும் போன்ற கேள்விகளுக்கு ஜில் டக்கென்று பதில் சொன்னாள். பருவ இறுதியில் உண்மையைச் சொன்னபோது பெரும்பாலோர் அதை எதிர்பார்க்கவே இல்லை.

இந்தக் கதையை 'இனி ஆசிரியர் எதற்கு?' என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். ஜில் எடுத்துக்கொண்டது திரும்பத் திரும்ப வரும் நடைமுறைக் கேள்விகளை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வருவதில் நிறைய அந்த வகைதான். அவற்றை இயந்திரத்திடம் விட்டால் 'என் வாதம் எங்கே உடைகிறது?' என்ற கேள்விக்கு ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும். ஆனால் இங்கேயும் அந்த இரண்டு கணக்குகளும் முட்டிக்கொள்கின்றன: செயற்கை நுண்ணறிவோடு மாணவர் நடத்தும் உரையாடல் சட்டம் கேட்கும் ஆசிரியர்–மாணவர் பேச்சாகாது என்று 2020இலேயே அமெரிக்கக் கல்வித் துறை தன் விதி விளக்கத்தில் சொல்லிவிட்டது. மாணவருக்கு உடனே கிடைத்த நல்ல பதில் கல்லூரிக் கணக்கில் பூஜ்யம்.

இந்தியாவில் கணக்கு வேறு மாதிரி. ஆன்லைன் பட்டங்களுக்கு யுஜிசி 2020 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் பாடத்தை நான்கு பகுதிகளாகக் கேட்கின்றன: காணொளிப் பாடம், எழுத்துப் பாடம், கலந்துரையாடல் தளம், சுயமதிப்பீடு. ஆட்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு பாடத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். 250 மாணவருக்கு ஒரு பாட வழிகாட்டி. அந்த 250ஐக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் பத்தே நிமிடம் ஒதுக்கினால் 2,500 நிமிடம், அதாவது ஏறக்குறைய 42 மணி நேரம். வேறு வேலை எதுவும் பார்க்காத ஒருவரின் முழு வாரம். அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் அசைன்மென்ட்டைப் படித்துக் காரணத்தோடு திருத்தவும் வேண்டும். ஆகவே எழுத்து வேலை கரைந்து, தானே திருத்திக்கொள்ளும் கொள்குறி வினாக்கள் அந்த இடத்தைப் பிடிப்பதில் வியப்பில்லை.

சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு இந்த எண்ணிக்கைப் பிரச்சினையை ஓரளவு யோசித்து அமைக்கப்பட்டது. 2020இல் அறிவித்தார்கள். பதிவுசெய்த பாடங்கள், வாராந்தர அசைன்மென்ட்டுகள், உதவியாளர்கள் நடத்தும் நேரலை அமர்வுகள், மாணவர் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் கலந்துரையாடல் தளம், தேர்வுக்கு மட்டும் நேரில் மையத்துக்கு வர வேண்டும். பாடம் சொல்லும் பேராசிரியர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வார் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுக்காததே ஒரு நேர்மை என்று நினைக்கிறேன்.

மற்ற இடங்களில் நம் மாணவர் கேள்வி கேட்பது கலந்துரையாடல் தளத்தில் இல்லை, வாட்ஸ்அப் குழுவில். இரவு பத்தரைக்கு 'சார், ரெண்டாவது கேள்வியில 'விவரி'யா 'விளக்கு'வா?' என்று ஒன்று வரும். கூடவே கேள்வித்தாளின் மங்கலான படம். ஆசிரியரும் இரண்டு வரி குரல் பதிவில் சொல்லிவிடுவார். கேட்டவருக்கு வேலை முடிந்தது, குழுவில் இருபது பேர் கட்டைவிரல் தூக்குவார்கள். மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஆசிரியருக்கு ஒரு செய்தி வந்திருக்கும்: இந்த வாரம் தளத்தில் உங்கள் பதிவு ஒன்றுகூட இல்லை, மாலைக்குள் ஏதாவது போட்டுவிடுங்கள்.